பிடியரிசியும் பெயர்ப் பலகையும்

காணிக்கை விஷயமாக என்னிடம் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தைப் பற்றி, "பத்தில் ஒன்று கட்டாயமா?" என்பது ஒன்று. "நாங்க கோயிலுக்குப் போடுற பணம் எங்கதான் போகுது?" என்பது இன்னொன்று. முதல் கேள்வியோடு இளவயதில் நிறையப் பாடுபட்டிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் 2015 முதல் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. 130 குடும்பம், ஒரு கோயில், ஊரிலேயே இருந்து சபையைக் கவனிக்கும் ஒரு உபதேசியார், மாதத்துக்கு இரண்டு முறை திருவிருந்து கொடுக்க வரும் சேகரத்து ஐயர். பல ஊர்ச் சபைகள் சேர்ந்ததுதான் சேகரம். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றும் ஆலயத்தைக் கோயில் என்றும்தான் சொல்வோம். அந்தச் சபைக்குப் பொருளாளராக இருந்தபோது கற்றுக்கொண்டதையும், அதற்கு முன்னால் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். புதிதாகச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கும், சபைக் கமிட்டிக்கு வரும் தம்பிமாருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

நான் முதலில் பார்த்த காணிக்கை அரிசிதான். அம்மா உலையை வைத்துவிட்டு, அரிசியை நாழியில் அளந்து சுளகில் கொட்டுவாள். கல் பொறுக்குவாள். கழுவப் போகும் முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள். அந்த நேரத்தில் வாய்க்குள் ஏதோ ஜெபம் ஓடும். சத்தம் வெளியே வராது. விருந்தாளி வந்து அரிசி பற்றாமல் போன நாளிலும் அந்தப் பிடி நிற்காது. கொஞ்சம் சின்னப் பிடியாக இருக்கும், அவ்வளவுதான். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவார்கள். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே பெட்டியில் விழும். அந்தக் கலவை சோற்றுக்கு ஆகாது, ஒரே பதத்தில் வேகாது. அதனால் இட்லிக்கு என்று யாராவது ஏலத்தில் எடுப்பார்கள்.

அந்தப் பணம் மிஷனெரி ஊழியத்துக்குப் போகும் என்று அம்மாவுக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் ஆட்களைக் கொண்டு, நம் பணத்தில், நம் நிர்வாகத்தில் ஊழியம் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். அதில் முன்னால் நின்ற அசரியா, வெள்ளாளன்விளைக்காரர். பின்னால் 1912-ல் இன்றைய தெலங்கானாவில் உள்ள டோர்னக்கல்லுக்குப் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவர் நம்பிய 'நம் பணம்' எது என்று யோசித்தால் எனக்கு அந்தத் தகர டப்பாதான் ஞாபகம் வரும். மிசோரம் சபைகளிலும் இதே பழக்கம் உண்டு. அங்கேயும் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து 2008-ல் வேலைக்காகச் சென்னைக்குப் போனேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனி. அடுத்த வருடம் கல்யாணம் ஆனது. சம்பளம் 14,000, பிடித்தம் போகக் கையில் 12,300. பக்கத்தில் இருந்த ஒரு தனிச் சபைக்குப் போக ஆரம்பித்தோம். நல்ல பாட்டு, நல்ல ஐக்கியம், முடியாமல் படுத்தால் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆட்கள். அதையெல்லாம் மறுக்க மாட்டேன். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் வேதாகமத்தில் மல்கியா மூன்றாம் அதிகாரம் வந்துவிடும். தசமபாகம் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், அவன் வீட்டுப் பணம் பொத்தல் பையில் போட்ட பணம் மாதிரி ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போய்விடும் என்று பிரசங்கம். பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் பத்தில் ஒன்றா, கையில் வருவதில் பத்தில் ஒன்றா என்று நான் ஒரு நாள் கேட்டேன். "உனக்கு ஆசீர்வாதம் முழுசா வேணுமா, பிடித்தம் போக வேணுமா, தம்பி?" என்று பதில் வந்தது. மாதம் 1,400 கொடுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. கட்டட நிதிக்குப் பொருத்தனை அட்டை கொடுத்தார்கள். விசுவாசத்தோடு ஒரு தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, மேடைக்கு முன்னால் போய் வைக்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போகிறார்கள், என் கை 25,000 என்று எழுதிவிட்டது. வீட்டில் கலந்து பேசவில்லை. பத்து மாதத்தில் கட்ட வேண்டும். நான்காவது மாதம் என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். அவள் கழற்றிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை. ஊருக்கு மாதம் 1,500 அனுப்பிக்கொண்டிருந்தவன், அந்த வருடம் 500 ஆகக் குறைத்தேன். போனில் கேட்டால், "மருந்தெல்லாம் இருக்கு, நீ கோயில் காரியத்தப் பாரு" என்பார். இன்சுலினைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் தெரிந்தது. இடது காலில் ஒரு விரலை எடுத்தார்கள்.

அந்த வார்டுக்கு அப்பாவைப் பார்க்க எங்கள் ஊரில் முன்பு இருந்த ஒரு ஐயர் வந்தார். ஓய்வு பெற்றவர், வயது எண்பதை நெருங்கியிருக்கும். நான் வெளியே பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, "மல்கியா மூணுல எட்டாம் வசனம், பத்தாம் வசனம் வாசிச்சியே, அதுக்கு மேல வாசிச்சியா தம்பி?" என்றார். ஐந்தாம் வசனத்தை விரல் வைத்துக் காட்டினார். கூலிக்காரனின் கூலியைப் பறிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள்: இவர்களுக்கு விரோதமாகச் சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்வது அங்கே இருக்கிறது. தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் பத்தாம் வசனத்துப் பண்டசாலை எதற்கு இருந்தது என்று பார்க்க உபாகமம் 14-ஐத் திருப்பினார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை ஊர் வாசலிலேயே சேர்த்து வைக்க வேண்டும். நிலமில்லாமல் ஆலய வேலை செய்யும் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். மற்ற வருடங்களில் அந்தப் பங்கைக் கொண்டுபோய் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். "நம்ம அசனம் மாதிரி" என்று சிரித்தார். கோயிலில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் அசனம் என்போம். தசமபாகம் என்றால் சாப்பாடு என்று எனக்கு அதற்கு முன்னால் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பிறகு மாற்கு ஏழாம் அதிகாரத்தைக் காட்டினார். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டுப் பெற்றவர்களைக் கைவிடுகிறவர்களை இயேசு கண்டித்த இடம். அதற்கு அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. உள்ளே அப்பா இருமும் சத்தம் கேட்டது. புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் கொடுப்பதையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பல பேர் அப்படித்தான் விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவின் டப்பாதான் என்னை விடவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் ஒரு பிடி விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் யாருக்கும் பயந்து அதைப் போடவில்லை. கொரிந்து சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதியபடி விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. எந்தப் பாட்டும் மேடையும் இல்லாத அடுப்பங்கரையில் அவளாகப் போட்டது அது.

நானும் என் மனைவியும் உட்கார்ந்து புதிதாக ஒரு கணக்குப் போட்டோம். அதில் முதல் விதி, இரண்டு பேரும் சம்மதிக்காத எந்தத் தொகையும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. கூட்டத்தில் எழுந்து வாக்குக் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, அப்புறம்தான் முடிவு. கடன் வாங்கி, நகை வைத்து, கிரெடிட் கார்டில் தேய்த்துக் காணிக்கை இல்லை. பெற்றவர்களின் மருந்துச் செலவு காணிக்கைக்கு முன்னால் எடுத்து வைக்கப்படும். இதெல்லாம் போக மீதியிருந்தால் கொடுப்போம் என்று விட்டால் மாதக் கடைசியில் மீதி எப்போதுமே இருக்காது. அதனால் தொகை சின்னதானாலும் சம்பளத்தன்றே ஒரு கவரில் தனியாகப் போய்விடும். ஆரம்பத்தில் நூற்றுக்கு மூன்றுதான் முடிந்தது. சங்கிலியை மீட்ட பிறகு ஐந்து. பத்து என்ற அளவைத் தொட ஏழு வருடம் ஆனது. இந்த ஏழு வருடமும் நாங்கள் யாரையும் வஞ்சித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2012-ல் ஊருக்குத் திரும்பிப் பலசரக்குக் கடை வைத்தேன். கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லாவில் விழுவதெல்லாம் வருமானம் இல்லை. ஒரு நாள் விற்பனை 10,000 என்றால் சரக்குக் காசு, வாடகை, கரண்ட், வராத பாக்கி எல்லாம் கழித்து எனக்கு நிற்பது 700, 800. ஆரம்பத்தில் இது புரியாமல் விற்பனையில் பத்தில் ஒன்று எடுத்து, சரக்குப் போட முடியாமல் தவித்த ஒரு அண்ணாச்சியை எனக்குத் தெரியும். லாபத்தைப் பாருங்கள், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்துவிட்டுப் பாருங்கள்.

சரி, பொருளாளர் கதைக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பை இரண்டையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எண்ணி, திங்கட்கிழமை நோட்டில் எழுதுவார். இருபது வருடமாக அதுதான் வழக்கம். அவர் ஒரு பைசா தொட்டதில்லை என்று நான் எங்கேயும் சத்தியம் செய்வேன். ஆனால் ஊரில் பேச்சு இருந்தது. "புது மாடி எப்படிக் கட்டினாரு?" என்று டீக்கடையில் கேட்பார்கள். துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி அது. அந்தப் பேச்சை மறுக்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மனம் நொந்துதான் பொறுப்பை விட்டார். ஒரு நேர்மையான மனுஷனைக் காப்பாற்றத் தவறிவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. எருசலேமுக்குப் போகும் தர்மப் பணத்தைப் பவுல் தான் மட்டும் சுமந்து போகாமல், சபைகள் நியமித்த ஆளையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் நான் வந்ததும் முதலில் மாற்றியது எண்ணும் இடத்தை. ஆராதனை முடிந்த கையோடு பக்கத்து அறையில் மேஜை போட்டு, கதவைத் திறந்து வைத்து, மூன்று பேர் எண்ணுவோம். மூன்று பேரும் மூன்று குடும்பம். ஒருவர் பெண்கள் சங்கத்திலிருந்து, ஒருவர் வாலிபர் சங்கத்திலிருந்து. நூறு எத்தனை, ஐம்பது எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மூன்று கையெழுத்து. அதன் நகல் அன்றைக்கே கோயில் வாசலில் ஒட்டப்படும். திங்கட்கிழமை பணம் பேங்குக்குப் போகும். இடையில் பையிலிருந்து எதற்கும் எடுக்கக் கூடாது. ஐயர் வண்டிக்குப் பெட்ரோல் காசானாலும் பேங்கிலிருந்து எடுத்து வவுச்சர் போட்டுத்தான். இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "நூறு ரூபாய்க்கு இவ்வளவு தூரமா?" என்பார்கள். அந்த நூறு ரூபாயில்தான் கணக்கு கிழிய ஆரம்பிக்கும்.

எண்ணும் மேஜையில் உட்கார்ந்தால் ஒரு ஊர் தெரியும். எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு, மஞ்சள் கறை படிந்த நாணயம், மீன் வாசனை அடிக்கும் இருபது ரூபாய். அப்புறம் வெற்றுக் கவர்கள். மாதத்தில் மூன்று நான்கு கவர் உள்ளே ஒன்றும் இல்லாமல், ஒட்டி, பெயர் எழுதாமல் வரும். எண்ண வந்த பையன் ஒருவன் எரிச்சலோடு, "யாரோ விளையாடுறாங்க" என்றான். எங்களோடு எண்ணிக்கொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "விளையாட்டு இல்லப்பா. கையில காசு இல்ல. பை பக்கத்துல வரும்போது சும்மா இருக்கக் கூச்சம். அதான் கவரைப் போடுறாங்க." அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வாசலருகே ஒரு உண்டியல் வைத்தோம். விரும்புகிறவர்கள் வரும்போதோ போகும்போதோ அதில் போடலாம், பை வரும்போது போட வேண்டும் என்று இல்லை என ஐயர் மூன்று வாரம் தொடர்ந்து அறிவித்தார்.

வெற்றுக் கவர் என்னைப் பெயர்ப் பலகையிடம் கொண்டுபோனது. எங்கள் கோயில் வாசலில் வெள்ளைப் பெயின்ட் அடித்த பலகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்கும் எதிரே, வருடத்துக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை, கட்டியது, பாக்கி. அதிகம் கட்டியவர் மேலே, பாக்கிக்காரர் கீழே. நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து இருக்கிறது. அதைத் தப்பு என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் பெயர் எப்போதும் நடுவில் இருந்ததால் எனக்கு வலித்ததில்லை.

ஓலைப்பெட்டி முடைந்து பிழைக்கும் ஒரு ஆச்சியின் பெயர்தான் பலகையில் கடைசி. ஆளை இரண்டு வருடமாகக் கோயிலில் காணவில்லை. உடம்புக்கு முடியவில்லை போலும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானும் உபதேசியாரும் போனோம். திண்ணையில் உட்கார்ந்து பெட்டிக்கு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தாள். சாயம் போட்ட ஓலை ஒன்றும் போடாத ஓலை ஒன்றுமாகக் கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏன் ஆச்சி கோயிலுக்கு வரலை?" என்றேன்.

"எய்யா, நாலு வருசமா சங்கம் கெட்டல. பலகையில கடைசிப் பேரு எம்பேரு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதத் தாண்டி உள்ள வர?"

உபதேசியார் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். ஆச்சி பெட்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாக்கி இருந்தா நான் செத்ததுக்குக் கோயில் மணி அடிப்பீகளா, மாட்டீகளா? அவரு பக்கத்துல குழி தருவீகளா?"

எங்கள் சபையில் அப்படி யாருக்கும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் "பாக்கியக் கட்டிட்டு வாங்க, அப்புறம் கல்லறைத் தோட்டத்துச் சாவி" என்று துக்க வீட்டில் பேரம் பேசிய சபைகளை அவளும் கேள்விப்பட்டிருக்கிறாள், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். தனக்கிருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட வேதாகமத்து ஏழை விதவையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மாற்கு பன்னிரண்டில் அதற்கு ஒரு வசனம் மேலே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதம் கற்பிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். அந்த வயதான ஐயர் என்னிடம் கேட்ட கேள்விதான் அப்போது ஞாபகம் வந்தது, மேலே வாசிச்சியா என்று.

பலகையை எடுக்கக் கமிட்டியில் மூன்று மாதம் சண்டை. எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. "பலகை இல்லாட்டி ஒருத்தனும் கட்ட மாட்டான். உபதேசியாருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சேகரத்துக்குக் கட்ட வேண்டிய பங்குக்கு என்ன செய்வே?" என்று கேட்டார்கள். நியாயமான பயம். கடைசியில் ஒரு வருடம் இல்லாமல் பார்ப்போம் என்று முடிவானது. பாக்கி விவரத்தை ஒட்டிய கவரில் அந்தந்த வீட்டுக்கு மட்டும் கொடுத்தோம். முடியாதவர்கள் ஐயரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொன்னால் அந்த வருடத்துக்குத் தள்ளுபடி, காரணம் எழுத வேண்டாம். பலகை இருந்த இடத்தில் சபையின் வரவு செலவை ஒட்டினோம். இந்த மாதம் வந்தது இவ்வளவு, சேகரத்துக்கு இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, ஏழைகள் நிதி இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. உள்ளதைச் சொல்கிறேன்: அந்த வருடம் சங்கக் காணிக்கை 11,000 ரூபாய் குறைந்தது. அடுத்த வருடம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் கொஞ்சம் கூடியது.

அடக்கத்துக்கும் பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று தீர்மானம் எழுதி, மினிட் புக்கில் ஏற்றி, ஆராதனையில் வாசிக்கச் சொன்னோம். வாயால் சொன்னால் அடுத்த கமிட்டி மறந்துவிடும். உங்கள் சபையில் இப்படி ஒரு தீர்மானம் இல்லையென்றால் இந்த வருடமே போடச் சொல்லுங்கள்.

பிறந்தநாள், கல்யாண நாளுக்கு வரும் ஸ்தோத்திரக் காணிக்கையில் பெயரை மட்டும் வாசித்துத் தொகையை விட்டோம். பெரிய தொகை போடும் ஒருவருக்கு அதில் வருத்தம், ஒரு வருடம் வரவில்லை. போய்ப் பேசினோம், திரும்பி வந்தார். அது தானாக ஆறிவிட்டது.

நோட்டு எண்ணித் தாளில் எழுதும் பழக்கம் எங்களை ஒரு முறை காப்பாற்றியது. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1,000 நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை அதுவரை பார்க்காத கனம். எல்லாம் பழைய நோட்டு. அதே வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். இரண்டு லட்சம் பழைய நோட்டு தருவதாகவும், சபைக் கணக்கில் போட்டு, பிறகு பாதியைப் புது நோட்டாகத் திருப்பித் தந்தால் போதும் என்றும் சொன்னார். மீதிப் பாதி கோயில் கூரைக்காம். எங்கள் கூரை அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். கமிட்டியைக் கூட்டினேன், ஐந்து நிமிடத்தில் வேண்டாம் என்று முடிந்தது. பேங்கில் எங்கள் டெபாசிட்டைப் பற்றிக் கேள்வி கேட்டபோது வாராவாரம் கையெழுத்துப் போட்ட தாள்களைக் காட்டினோம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

2020-ல் வேறு மாதிரிச் சோதனை. மார்ச் கடைசியில் பூட்டிய கோயிலைச் செப்டம்பரில்தான் திறந்தோம். ஆறு வாரத்தில் கையிருப்பு கரைந்தது. வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் நல்ல மனதோடு, தன் போன் நம்பருக்கே ஜிபே பண்ணச் சொல்லி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இரண்டு நாளில் 7,400 ரூபாய் வந்துவிட்டது. அவனைக் கூப்பிட்டு, அந்த முன்னாள் பொருளாளரின் கதையைச் சொன்னேன். அன்றைக்கே பணம் முழுவதையும் சபைக் கணக்குக்கு மாற்றி, ஸ்டேட்மென்ட்டை எல்லோருக்கும் அனுப்பினான். சபையின் பெயரில் க்யூஆர் அட்டை வாங்க மூன்று வாரம் ஆனது. நீங்கள் எந்த ஊழியத்துக்கு அனுப்பினாலும், பின் நம்பர் அழுத்தும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். சபையின் பெயரோ அமைப்பின் பெயரோ வராமல் தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். அவர் எவ்வளவு பெரிய ஊழியரானாலும் சரி.

சட்ட விஷயம் இரண்டு. மார்ச் மாதம் வந்தால் வருமான வரிக்கு ரசீது கேட்டு வருவார்கள். வழிபாட்டுக்கென்றே இருக்கும் சபைக்குக் கொடுத்த காணிக்கைக்குப் பொதுவாக, 80ஜி என்று வழங்கிய நன்கொடை வரிக் கழிவு கிடையாது. அந்தக் கழிவுக்குப் பதிவு செய்த தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் ரொக்கமாக 2,000-க்கு மேல் போனால் கழிவு இல்லை. இன்னொன்று வெளிநாட்டுப் பணம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இந்திய பாஸ்போர்ட்காரர்கள். அவர்கள் பேங்க் வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட என் சித்தப்பா மகன் கூரைக்கு அனுப்புகிறேன் என்றபோது தடுக்க வேண்டியதாயிற்று. வேறு நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால், நம் ஊரில் பிறந்தவரானாலும் அவர் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. அவன் கோபித்துக்கொண்டான். தன் ஊரில் தன் கோயிலுக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் வாங்கவில்லை.

ஒரு காரியத்துக்கென்று கொடுத்த பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கடைசிவரை பிடிவாதமாக இருந்தேன். கூரை நிதியில் 60,000 இருந்தது, மைக்செட் கெட்டுப் போனது, "இப்போ எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்கள். கூரைக்கென்று கொடுத்தவர்களில் கோழி வித்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பொதுக் கணக்கில் காசு சேரும்வரை நான்கு மாதம் மைக் இல்லாமல் ஆராதனை நடந்தது. உபதேசியாருக்குத் தொண்டை கட்டியது, என்னைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் 38,000-க்கு மைக்செட் வாங்கினோம்.

ஆச்சி திரும்பி வந்தது அந்த அடக்கத் தீர்மானம் வாசித்து இரண்டு வாரம் கழித்து. கடைசிப் பாயில், தூணை ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பத்து ரூபாய் நோட்டை மேஜையில் வைத்தாள்.

"ஆச்சி, உண்டியல்ல போட்டிருக்கலாமே."

"உண்டியல்ல போட்டா ரசீது தருமா எய்யா?"

எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. "வாசி" என்றாள். பெயர், தேதி, இருபது ரூபாய், ஏழைகள் நிதி என்று வாசித்தேன். வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். சில மாதம் இருபது, சில மாதம் பத்து, மழைக் காலத்தில் ஓலை காயாமல் வேலை இல்லாத மாதங்களில் ஒன்றும் இருக்காது. அப்போதும் கதவருகே வந்து, "இந்த மாசம் இல்லய்யா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மைக்செட் வாங்கிய மாதம், வாசலில் ஒட்டியிருந்த வரவு செலவை யாரிடமோ வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ரசீதை வாங்கிக்கொண்டு போகவில்லை, நின்றாள்.

"எய்யா, நம்ம கோயில் இம்புட்டுத்தான். இதுக்கு முப்பத்தெட்டாயிரத்துக்கு மைக்கு என்னத்துக்கு?"

கூட இருந்த இருவரும் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆச்சியை உட்காரச் சொல்லிவிட்டு, பில் ஃபைலை எடுத்தேன்.